ஸ்டிக்கர் கிழிக்காத கடை

பிள்ளைகளா, இதை உங்கள் இரண்டு பேருக்காகவும்தான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு அதிகம் எழுதியது பில் புத்தகத்தில்தான். அதனால் முன்னே பின்னே இருக்கும். பிழை இருந்தால் மூத்தவள் திருத்திக்கொள். பிழையை மட்டும் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே.

சின்னவனே, நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சாயங்காலம் பையைக்கூடக் கழற்றாமல் நேராகக் கடைக்கு வந்து நின்றாய். மூக்கு சிவந்திருந்தது. "உங்கப்பா டூப்ளிகேட் முட்டாய்க்காரர்" என்று வகுப்பில் ஒருவன் சொல்லிவிட்டான். சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். நீ அழுது முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாய். வந்து ஒன்றே ஒன்று கேட்டாய்.

"எப்பா, அந்த ஸ்டிக்கரக் கிழிச்சிட்டா என்னப்பா?"

நான் மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன். நீயும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாய். அப்பாவிடம் பதில் இல்லை என்று நினைத்திருப்பாய். பதில் இருந்தது. ஆனால் நீ கேட்ட நேரத்தில் அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

இந்தக் கடை வைக்கும் முன்னால் நான் வேனில் போனவன். தேனி மொத்தக் கடையில் பிஸ்கட், மிட்டாய், முறுக்கு எல்லாம் ஏற்றிக்கொண்டு சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று குமுளி வரைக்கும் ஒவ்வொரு பெட்டிக்கடையாகப் போட்டுக்கொண்டே போவோம். அப்படிப் போகிற வழியில் ஒரு பெட்டிக்கடை அம்மா, வெளிநாட்டு சாக்லேட் வந்த காலி டப்பா ஒன்றில் ஊசி நூல் போட்டு வைத்திருந்தார்கள். நீலமும் பொன்னுமாக நல்ல டப்பா. "யாரு குடுத்தாகம்மா?" என்று கேட்டேன். "பக்கத்து வீட்டுப் புள்ள துபாயில இருந்து வந்தப்ப அந்த வீட்டுப் புள்ளைகளுக்குக் கொண்டாந்தது. தின்னு முடிச்சிட்டு டப்பாவ எங்கிட்டக் குடுத்தாக" என்றார்கள். "உங்க வீட்டுப் புள்ளைகளுக்கு?" என்றேன். "டப்பாவத்தான் மோந்து பாத்துச்சுக" என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்கு வந்தது கோபம்தான். யார் மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டுப் பிள்ளைதான் அதைத் தின்னவேண்டுமா? ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளையும் கடைக்கு வந்து, நிமிர்ந்து நின்று, காசு கொடுத்து ஒன்று வாங்கித் தின்னட்டுமே. அந்த டப்பாவில்தான் நம் கடை தொடங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு பெட்டிக்காரர் என்னைத் தேடி வந்தார். பெட்டிக்காரர் என்றால், விமானத்தில் போய்வருகிற ஆட்களின் பெட்டியில் சரக்கு வரவழைத்து, இங்கே கடைகளுக்குக் கொடுக்கிறவர். நல்ல மனிதர், நன்றாகச் சிரித்துப் பேசினார்.

"பில்லு உண்டாண்ணே?" என்றேன்.

"பில்லா? முட்டாய்க்கு எதுக்குப்பா பில்லு? வாயில போட்டாக் கரைஞ்சிரப் போகுது."

"கரைஞ்ச பெறகு வயித்த வலிச்சா யாரக் கேக்குறது?"

"ஏலே, நீ கடை வைக்கப் போறியா, ஆசுபத்திரி வைக்கப் போறியா?"

அவரை நான் திட்டவில்லை. அவருக்கும் குடும்பம் இருக்கிறது. ஊருக்கு வருகிறவன் தன் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்தால் அது பாசம். அதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது. அதே பெட்டியைக் கடையில் வைத்து முகம் தெரியாத பிள்ளைக்கு விற்றால், அந்தப் பிள்ளைக்கு நான் பொறுப்பு. யார் செய்தது, எப்போது வந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியாத ஒன்றை எப்படிக் கொடுப்பது?

ஆகவே மதுரையில் ஒரு மொத்த வியாபாரியைப் பிடித்தேன். மும்பையில் முறையாக இறக்குமதி செய்கிற ஒரு கம்பெனியிடம் அவர் வாங்குகிறார். எனக்கும் பில் போட்டுத் தருவார். ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகிலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும். இறக்குமதி செய்தவர் பெயர், மும்பை முகவரி, உணவு உரிம எண், எந்த மாதம் வந்தது, அதிகபட்ச விலை, சைவமா அசைவமா என்று காட்டுகிற குறி. சைவம் என்றால் பச்சைக் கட்டத்துக்குள் பச்சைப் புள்ளி. அசைவம் என்றால் பழுப்புக் கட்டத்துக்குள் முக்கோணம். இந்த ஸ்டிக்கர்தான் நம் கதை முழுவதும்.

என் பங்குக்கு நானும் பதிவு செய்யவேண்டும் அல்லவா? பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் போட்டேன். "என்ன வியாபாரம்?" என்ற கேள்விக்குக் கீழே ஒரு பட்டியல் இருந்தது. எழுத்துக்கூட்டி வாசித்து, 'இறக்குமதியாளர்' என்ற கட்டத்தில் டிக் போடச் சொன்னேன். வெளிநாட்டு மிட்டாய் விற்கிறவன் வேறு எதில் போடுவான்? சில நாள் கழித்து உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் இருந்து கூப்பிட்டார்கள். வேட்டியைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு போனேன். அதிகாரி காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றினார்.

"சரக்கு கப்பல்ல வருதா, பிளைட்ல வருதா?"

"மதுரை ரயில்ல வருது சார்."

"இறக்குமதியாளர்னு போட்டிருக்கீகளே. நான் வேற கப்பல வைகை அணையில நிறுத்தியிருக்கீகளோன்னு நெனச்சேன்."

அந்த அறையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவரே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து, சில்லறை விற்பனை என்று மாற்றிப் போடவைத்தார். கிளம்பும்போது கூப்பிட்டு ஒன்று சொன்னார்: "அந்த ஸ்டிக்கர் மட்டும் பத்திரம். அதக் கிழிச்சா, நீங்க இவ்வளவு தூரம் வந்ததுக்கு அர்த்தமே இல்ல." அந்த வார்த்தையை எத்தனை முறை நினைத்துக்கொண்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

தேனிக் கடைத்தெருவில் கடை. சின்னது. நான் நடுவில் நின்று கையை விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். பழைய ஏசி ஒன்று மாட்டினோம். கண்ணாடி அலமாரியில் சரக்கை அடுக்கி, சாமி கும்பிட்டு, ஷட்டரைத் தூக்கினேன். ஊர் திரண்டு வரும் என்று நினைத்தேன். வந்தார்கள். வந்து பாக்கெட்டை எடுத்தார்கள், திருப்பினார்கள், ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார்கள், வைத்துவிட்டுப் போனார்கள்.

"அண்ணே, பாரின்னு சொல்றீக. மும்பை அட்ரஸ்ல போட்டிருக்கு?"

"மும்பையில செஞ்சு பாரின் பேப்பரச் சுத்தியிருக்காகப்பா. இது தெரியாதா?"

"அங்கன பெட்டிச் சரக்கு விக்கிற கடையில போய்ப் பாருங்க. ஸ்டிக்கரே இருக்காது. வெறும் அரபி எழுத்துத்தான். அதுதான் ஒரிஜினல்."

நம் ஊர்க் கணக்கு இதுதான். எதில் எழுத்துப் புரியவில்லையோ அது ஒரிஜினல். எதில் புரிகிறதோ அது டூப்ளிகேட். நான் எடுத்துச் சொன்னால், "வியாபாரி அப்படித்தான் சொல்வாக" என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். மூன்றே மாதத்தில் நம் கடைக்கு ஸ்டிக்கர் கடை என்று பெயர் வந்தது. கேலியாக வைத்த பெயர்தான். டீக்கடையில் நுழைந்தால், "வாங்க ஸ்டிக்கரு, டீயில ஒட்டித் தரவா?" என்பார்கள். மூத்தவளே, அந்த வருஷம் நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கடைத்தெரு வழியாக வராமல் சுற்றிப் போனாய். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாய்.

உங்கள் அம்மா ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னாள். "ஏங்க, வெந்நியில துணிய நனைச்சு ஒத்தி எடுத்தா அழகா வந்துரும். டப்பாவுல ஒட்டியிருக்கிற வெலச் சீட்டெல்லாம் அப்படித்தான் எடுக்குறேன்." அவள் தப்பாகச் சொல்லவில்லை. அரிசி வாங்கும் பொறுப்பு அவள் தலையில் இருந்தது.

அந்தச் சித்திரையில்தான் பெரிய ஆர்டர் வந்தது. காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிற ஒருவர். அவருடைய தங்கை மகனுக்கு வீரபாண்டி கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் சீர் இருபத்தொரு தட்டு, அதில் ஏழு தட்டு வெளிநாட்டு சாக்லேட். முன்பெல்லாம் ஆப்பிளும் கல்கண்டும் வைத்த இடத்தில் இப்போது சாக்லேட் வைப்பதுதான் கௌரவம். போனிலேயே பேசி முடித்து, நாளும் சொல்லிவிட்டார். நான் மதுரைக்குப் போய், தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துச் சரக்கைக் கொண்டு வந்து இறக்கிவிட்டேன்.

அப்போது உங்கள் அம்மாவிடம் ஒன்று சொல்லியிருந்தேன். "இந்த ஏழு தட்டு வித்துப் போச்சுன்னா இந்தக் கோடை தாண்டிரலாம். போகலன்னா ஷட்டர எறக்கிட்டு வேனுக்கே போயிர்றேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேன் முதலாளி என் இடத்தை இன்னும் யாருக்கும் கொடுக்காமல்தான் வைத்திருந்தார். சாக்லேட் வெயிலுக்கு ஆகாது. இளகி மறுபடி இறுகினால் மேலே வெள்ளையாகப் பூக்கும். அதைப் பூசணம் என்பார்கள். அக்னி நட்சத்திரம் வருவதற்குள் சரக்கு போகாவிட்டால் கடை இல்லை.

காதுகுத்துக்கு ஐந்து நாள் முன்னால் தோட்டக்காரர் சரக்கைப் பார்க்க வந்தார். ஒரு பெட்டியை எடுத்தார், திருப்பினார். முகம் மாறிவிட்டது.

"என்ன தம்பி இது, மும்பை ஸ்டிக்கரு?"

விளக்கிச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிப்பா. கிழிச்சுக் குடுத்துரு" என்றார்.

"கிழிக்கக் கூடாதுண்ணே."

"எங்க மச்சான் வீட்டு ஆளுகளத் தெரியாது உனக்கு. தட்டுல கைய விட்டுப் பெரட்டிப் பாப்பாக. மச்சானோட தம்பி துபாயில இருந்து லீவுல வந்திருக்கான். தாய்மாமன் டூப்ளிகேட்டக் கொண்டாந்துட்டான்னு ஒருத்தன் சொன்னாப் போதும், என் தங்கச்சி அந்த வீட்டுல தல நிமிர முடியாது. நாளைக்கு வாரேன். கிழிச்சு வை. இல்லாட்டி வேற கடை பாத்துக்கிறேன்."

அவர் போன பிறகு, சாயங்காலம், கடையில் யாரும் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கினேன். பிளாஸ்கில் இருந்த வெந்நீரில் துணியை நனைத்தேன். ஆமாம் பிள்ளைகளா, நனைத்தேன். ஒரு சாக்லேட்டை எடுத்து முதுகில் ஒற்றினேன். மூலையில் நகத்தைக் கொடுத்ததும் ஸ்டிக்கர் மெதுவாக உரிந்து வந்தது. முழுதாகவே வந்துவிட்டது. உங்கள் அம்மா சொன்னது சரிதான், அழகாக வந்தது.

அந்தச் சாக்லேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் பெயர். பின்பக்கம் பொடிப் பொடியாக நாலைந்து மொழிகள். எந்தெந்த ஊர் மொழிகளோ, புள்ளி வைத்த எழுத்தும் கொக்கி போட்ட எழுத்துமாக இருந்தன. ஒரு வரிகூட எனக்கு வாசிக்க வரவில்லை. உள்ளே முட்டை இருக்கிறதா, கொழுப்பு இருக்கிறதா, எப்போது வரைக்கும் தின்னலாம், எதுவும் தெரியவில்லை. அந்த முதுகில் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே இடம், இப்போது என் கட்டைவிரலில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்த ஸ்டிக்கர்தான். அதை எடுத்துவிட்டால் எனக்கும் அந்தப் பெட்டிக்காரருக்கும் என்ன வித்தியாசம்? அவராவது தெரியாத ஒன்றைத் தெரியாமல் விற்கிறார். நான் தெரிந்ததைக் கிழித்துவிட்டு விற்கப் போகிறேன்.

அந்த நேரத்தில்தான், சின்னவனே, நீ ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தாய். அந்தக் கேள்வியைக் கேட்டாய். நான் மேசைக்குக் கீழே குனிந்தது எதற்கு என்று இப்போது தெரிகிறதா? கையில் இருந்ததை மறைக்க.

நீ போன பிறகு துணியைப் பிழிந்து காயப்போட்டேன். அதற்கு மேல் ஒன்றையும் தொடவில்லை. மறுநாள் காலையில் சீக்கிரமே போய், அலமாரியில் இருந்த அத்தனை பாக்கெட்டையும், அத்தனை பெட்டியையும் திருப்பி வைத்தேன். முகம் உள்ளே, முதுகு வெளியே. கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக ஸ்டிக்கர். பார்க்க லட்சணமாக இல்லைதான். ஆனால் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எதை மறைக்கச் சொல்கிறார்களோ அதைத்தான் முன்னால் வைப்பேன் என்று ஒரு பிடிவாதம்.

பத்து மணிக்குத் தோட்டக்காரர் வந்தார். கூடவே அவர் மனைவி. தோட்டக்காரர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன தம்பி, எல்லா முட்டாயும் முதுகக் காட்டிக்கிட்டு நிக்குது? எங்கூடக் கோவமா?"

"முதுகுலதாண்ணே ஜாதகம் இருக்கு."

"நான் ஜாதகம் பாக்க வரல. காதுகுத்துக்கு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, சட்டைப் பையில் இருந்து ஒரு சாக்லேட்டை எடுத்து மேசையில் வைத்தார். "இந்தா பாரு. மச்சானோட தம்பி துபாயில இருந்து கொண்டாந்தது. இதுதான் ஒரிஜினல். எங்கனயாச்சும் ஸ்டிக்கர் இருக்கா? சுத்தமா அரபி எழுத்து."

எடுத்துப் பார்த்தேன். முதுகில் கட்டம் கட்டினாற்போல் அரபி எழுத்து. இத்தனை நாள் ஸ்டிக்கரோடு மல்லுக்கட்டியவன் கை அல்லவா, விளிம்பில் விரலை ஓட்டியதுமே தெரிந்துவிட்டது. மூலையில் நகத்தை வைத்தேன். லேசாகத் தூக்கியது.

"அண்ணே, இதுவும் ஸ்டிக்கர்தான்."

"எது?"

"இந்த அரபி எழுத்துத்தான். ஒட்டினது. பாருங்க, மூலையில தூக்குது. இந்த முட்டாய் துபாயில செஞ்சது இல்லண்ணே. அவுகளும் வேற நாட்டுல இருந்துதான் வாங்குறாக. அந்த ஊரு அரசாங்கம் அந்த ஊரு மொழியில ஒட்டச் சொல்லுது. நம்ம அரசாங்கம் நம்மள ஒட்டச் சொல்லுது. அம்புட்டுத்தான்."

அவர் குனிந்து பார்த்தார். தானும் நகத்தை வைத்துப் பார்த்தார்.  பிறகு நிமிர்ந்து, விட்டுக்கொடுக்காமல் சொன்னார்: "இருக்கட்டும்யா. அது அரபி ஸ்டிக்கரு. ஒன்னோடது மும்பை ஸ்டிக்கரு."

அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். "ஆத்தாடி, ஸ்டிக்கர்லயுமா ஒசத்தி தாழ்ச்சி பாக்குறீக?"

மனைவி சிரித்ததில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "கடைசியாக் கேக்குறேன். கிழிப்பியா, மாட்டியா?"

  வேனின் டீசல் வாடை என் மூக்கில் வந்துபோனது. "மாட்டேண்ணே" என்றேன். "கிழிக்காம வாங்குறதுன்னா வாங்குங்க. வாங்காமப் போறதுன்னாப் போங்க. கிழிச்சு மட்டும் தரமாட்டேன்."

"அப்ப நீயே வச்சுத் தின்னு" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். போயிற்று என்றுதான் நினைத்தேன். அந்த அக்கா மட்டும் நகரவில்லை. அலமாரியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணே, நான் ஒண்ணு கேக்குறேன். தப்பா நெனைக்காதீக. வீரபாண்டிக் கோயில்ல திருவிழாக் கம்பம் நட்டாச்சு. எங்க வீட்டுல திருவிழா முடியுற வரைக்கும் கவிச்சி ஆகாது. இந்தத் தட்ட ஆத்தா சன்னதியில வச்சுக் கும்பிட்டுத்தான் புள்ளைக்குக் குடுக்கணும். இந்தப் பாரின் முட்டாய்ல முட்டை, கொழுப்புன்னு ஏதும் கலந்திருப்பாகளோ?"

நான் ஒரு பெட்டியை எடுத்து ஸ்டிக்கரில் இருந்த பச்சைப் புள்ளியைக் காட்டினேன். "சைவம்க்கா." அடுத்தது, அதற்கு அடுத்தது, எல்லாம் வரிசையாகக் காட்டினேன். ஏழு தட்டுக்கு எடுத்து வைத்ததில் ஒரு வகை, பிள்ளைகளுக்குப் பிடித்த ரப்பர் மாதிரி இழுபடுகிற பழ மிட்டாய். அதன் முதுகில் பழுப்பு முக்கோணம். அதை மட்டும் தனியே நகர்த்தி வைத்தேன். "இது வேணாங்க்கா. இதுல மாட்டுக் கொழுப்பா என்னன்னு தெரியாது, ஆனா அசைவம்."

என் ஆர்டரில் ஒரு தட்டு அப்படியே குறைந்தது. பரவாயில்லை என்று தோன்றியது.

அந்த அக்கா மேசையில் கிடந்த துபாய் சாக்லேட்டை எடுத்தார். "இது?"

"தெரியாதுக்கா. எனக்கு வாசிக்கத் தெரியாது."

அவர் வாசல் பக்கம் திரும்பினார். "ஏங்க, உங்களுக்குத் தெரியுமா?"

"நான் என்ன அரபியா படிச்சேன்?" என்று வாசலில் இருந்து குரல் வந்தது.

"அப்ப சும்மா இருங்க. அண்ணே, ஆறு தட்டுக்குக் குடுங்க. ஸ்டிக்கரோட. கேக்குறவுகளுக்கு நான் சொல்லிக்கிறேன்."

தோட்டக்காரர் செருப்போடு திரும்பி உள்ளே எட்டிப் பார்த்தார். "ஊரு சிரிச்சுச்சுன்னா ஒன்னத்தான் வந்து தூக்குவேன்."

"நீங்க தூக்க வேணாம்ணே. நானே வாரேன். தட்டு அடுக்கித் தாரேன்."

சொன்னபடியே போனேன். முல்லையாற்றுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் தட்டுகளை அடுக்கினேன். சன்னதிக்குப் போகிற தட்டில் பச்சைப் புள்ளி மேலே தெரிகிற மாதிரி வைக்கச் சொல்லி அந்த அக்கா கேட்டுக்கொண்டார். மச்சான் வீட்டுப் பெண்கள் வந்தார்கள். தோட்டக்காரர் சொன்னது பொய்யில்லை. முதல் வேலையாகத் தட்டில் கையை விட்டுப் புரட்டினார்கள்.

"என்ன சம்மந்தி, தாய்மாமன் பாரின்னு சொன்னாக. மும்பைன்னுல்ல போட்டிருக்கு?"

தோட்டக்காரர் என்னை ஒருமுறை பார்த்தார். நான் தட்டைப் பார்த்தேன்.

"மும்பை வழியா வராம ஆகாசத்துல இருந்தா குதிக்கும்? அந்தப் பச்சப் புள்ளியப் பாருங்க. கவிச்சி இல்லாத முட்டாய்னு கவர்மெண்டே சொல்லியிருக்கு. உங்க துபாய்த் தம்பி கொண்டாந்ததுல இருக்கான்னு கேளுங்க. அதுலயும் ஸ்டிக்கர்தான். மூலையில நகத்த வச்சா உரியும்."

எல்லாம் தானே கண்டுபிடித்த மாதிரித் தோட்டக்காரர் சொன்னார். சொல்லட்டும். தூணுக்குப் பின்னால் இருந்த இரண்டு இளவட்டங்கள் அப்போதும் "டூப்ளிகேட்டு" என்று சிரித்தார்கள். பிறகு அவர்களும்தான் தின்றார்கள். காது குத்தியதும் வீறிட்டு அழுத பிள்ளையின் வாயில் அந்த அக்கா ஒரு துண்டை வைத்தார்கள். அழுகை பாதியில் நின்று, என்ன இது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தான். அதுவரைக்கும் இருந்து பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

அதோடு ஊர் திருந்திவிட்டது என்று சொல்லமாட்டேன். இன்றைக்கும் நகத்தால் சுரண்டிப் பார்க்கிறவர்கள் வருகிறார்கள். சுரண்டட்டும். ஆனால் விரதம் இருக்கிற வீடுகளில் இருந்து நம் கடையைத் தேடி வர ஆரம்பித்தார்கள். நான் வேனுக்குத் திரும்பவில்லை. அடுத்த தடவை போர்டுக்குப் பெயிண்ட் அடிக்கையில், கடைப் பெயருக்குக் கீழே 'இங்கு ஸ்டிக்கர் கிழித்துத் தரப்படமாட்டாது' என்று எழுதச் சொன்னேன். பெயிண்டர் மூன்று முறை கேட்டார், "எதுக்குண்ணே இது?" என்று. "எழுதுப்பா" என்றேன். டீக்கடையில் ஸ்டிக்கரு என்று கூப்பிட்டால் இப்போது நானே கையைத் தூக்குகிறேன்.

சின்னவனே, உன் கேள்விக்குப் பதில் இதுதான். அதைக் கிழித்தால் ஒன்றும் ஆகாது. மிட்டாய் அதே ருசியாகத்தான் இருக்கும். ஆனால் அது யாருடைய மிட்டாய் என்று கேட்டால் கைகாட்ட ஆள் இருக்காது. இனி எவனாவது டூப்ளிகேட் என்றால் அழாதே. "எங்க முட்டாய்க்கு அட்ரஸ் இருக்குடா, ஒன்னோடதுக்கு இருக்கா?" என்று கேள்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாதது.

காதுகுத்து முடிந்து தேனிக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் மூன்று இருக்கும். கடையைத் திறந்து ஷட்டரைப் பாதியில் நிறுத்தினேன். மேசைக்குக் கீழே, உள்பக்கப் பலகையில், அன்றைக்கு அவசரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. உரிக்கப் பார்த்தேன். ஈரத் துணியால் ஒற்றியதும் சாக்லேட்டில் இருந்து அழகாக வந்தது, பலகையில் இருந்து வரவில்லை. துண்டு துண்டாகக் கிழிந்தது. அந்தச் சாக்லேட் பின்னால் ஒரு டப்பாவில் இருந்தது. முதுகில் ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் பிசுபிசுவென்று கட்டமாகத் தெரிந்தது. விற்க முடியாது. யாருக்கும் சும்மா கொடுக்கவும் மனசு வரவில்லை.

பில் புத்தகத்தில் இருந்து ஒரு துண்டுக் காகிதம் கிழித்தேன். அதில் என் பெயரை எழுதினேன், நம் கடை முகவரியை எழுதினேன், நம் பதிவு எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். அந்தப் பிசுபிசுப்பின் மேலேயே வைத்து அழுத்தினேன். ஒட்டிக்கொண்டது. கோணலாக இருந்தது. ஒருமுறை முழுதாக வாசித்துப் பார்த்தேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, பிரித்து, முழுவதையும் நானே தின்றேன். கொஞ்சம் இளகியிருந்தது.